அம்மன் தெரிவு செய்த புரொசசர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடமாக என் மனசு அடித்துக்கொண்டே இருந்தது. நான் பதினோராம் வகுப்புச் சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுதிப் பழக்கமில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இதில் தெய்வ சந்நிதியில் நடந்த ஒரு காரியம் இருக்கிறது. அதைச் செய்தது என் அம்மா. எழுதத் தொடங்கிக் கிழித்து அடுப்பில் போட்டதும் உண்டு. இப்போது அப்பா இல்லை. பெரியம்மாவும் போன மாசியில் கண்ணை மூடிவிட்டார். அம்மா இருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுத உட்காருகிறேன். அம்மன் துணை.

எங்கள் ஊர் செட்டிபாளையம். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் கல்முனைக்குப் போகிற வீதி. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை. அங்கே ஆயுதம் ஏந்திய இயக்கத்தின் ஆட்சி. இந்தப் பக்கம் வீதியெல்லாம் இராணுவக் காவலரண். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போனதற்கு அடுத்த வருடம் அது. சண்டை நின்றுவிட்டது என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் மீசை அரும்பிய ஆண்பிள்ளை உள்ள வீடுகளில் ஒருவரும் நிம்மதியாக ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை. ரியூசனுக்குப் போன பிள்ளை வரவில்லை, பந்தடிக்கப் போன பிள்ளை வரவில்லை என்று ஒவ்வொரு கிழமையும் ஒரு வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கும். யார் கொண்டு போனது என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் கண்ணால் காட்டுவார்கள். வாயால் சொல்லமாட்டார்கள்.

அம்மா அந்தப் பேச்சை வீட்டுக்குள் எடுக்கவே விடமாட்டார். பேசினால் அது வாசலுக்கு வந்துவிடும் என்று நம்பினார். அப்பா ஏதாவது சொல்லத் தொடங்கினாலும், "அத விடுங்க, குழம்புக்கு உப்புக் காணுமா?" என்று கேட்டு மறித்துவிடுவார்.

எனக்குப் பதினொரு வயது. அண்ணனுக்குப் பதினேழு. எங்கள் வளவுக்குள்ளேயே, வேலி இல்லாமல், பெரியம்மாவின் வீடும் இருந்தது. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் சீதனமாகக் கிடைத்த வீடுகள் அவை. பெரியம்மாவுக்கு ஒரே மகன். எங்கள் அண்ணனுக்கு ஒத்த வயது. அவனைப் பெரியண்ணன் என்று கூப்பிடுவேன், உயரம் என்பதால். இரண்டு பேரும் ஒரு சோடி. பள்ளி விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திக்குப் போய்விடுவார்கள். சந்தியில் ஒரு கடையில் மணிக்கணக்குக்குக் காசு வாங்கிக் கம்பியூட்டரில் விளையாட விடுவார்கள். அவர்கள் போன நேரம் தொடங்கி அம்மாவின் கால் ஓரிடத்தில் நிற்காது. கிணற்றடிக்குப் போவார், வாசல் படலைக்குப் போவார், தேங்காய் துருவுகிற பலகையில் உட்காருவார், பாதித் தேங்காயோடு எழும்பி மறுபடி படலைக்குப் போவார். எனக்குச் சிரிப்பாக இருக்கும். அம்மாவின் காலில் எறும்பு ஏறுகிறது என்று பெரியம்மாவிடம் சொல்வேன். பெரியம்மா சிரிக்கமாட்டார். அவரும் படலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படியிருக்க, கட்டாரில் வேலை செய்த மாமா லீவில் வந்தார். அம்மாவின் தம்பி. உடம்பெல்லாம் அத்தர் வாசம், கையில் ஒரு மொத்தச் சங்கிலி மணிக்கூடு. வந்த அன்றே, "மருமகனுக்குப் படிக்க ஒரு கம்பியூட்டர் வாங்கிக் குடுக்கிறன்" என்று அறிவித்தார். அண்ணன் அன்று இரவு முழுக்க மாமாவின் காலை அமுக்கிவிட்டான்.

அடுத்த சனிக்கிழமை கல்முனைக்குப் போனோம்: மாமா, அண்ணன், அம்மா, நான். அப்பா அந்தக் கரையில், வட்டையில் வயல் வேலையாக இருந்தார். அம்மா வந்ததே அதிசயம். கடைக்காரர் ஒரு முஸ்லிம் காக்கா, அவர்களில் அண்ணனைக் காக்கா என்பார்கள்; தொப்பி போட்டவர், பேச்சில் பகிடி கலந்தவர். அவர் கண்ணாடி மேசையில் இரண்டு சின்னப் பெட்டிகளை எடுத்து வைத்தார். கம்பியூட்டரின் மூளை அதுதானாம். புரொசசர் என்று பெயராம். இரண்டும் ஒரே கூட்டம், பென்டியம் ஃபோர். ஒன்று நடுத்தரம், ஒன்று ஆக மேலே உள்ளது.

"இது டூ பொயின்ட் ஃபோர். இது த்ரீ பொயின்ட் டூ" என்றார் காக்கா. "படிக்கிறதுக்கெண்டா நடுவுல உள்ளது காணும், தம்பி."

"காணாது காக்கா" என்று அண்ணன் பாய்ந்தான். "கேம் போடணும்."

"ஆ, அப்ப உண்மையச் சொல்லு. படிக்க எண்டா மாமாவக் கூட்டிக்கொண்டு வந்த நீ?"

எல்லோரும் சிரித்தோம். மாமா மணிக்கூட்டை ஒரு தரம் குலுக்கிவிட்டு, "எங்கட வேலைக் கேம்ப்ல வெள்ளைக்காரன் வெச்சிரிக்கிறது ஆக மேல உள்ளதுதான். அதயே போடுங்க காக்கா" என்றார்.

காக்கா தலையைச் சொறிந்தார். "போடலாம். ஆனா கேமுக்கு மூளை மட்டும் ஒண்டும் செய்யாது. வீஜீஏ காட் எண்டு ஒண்டு இரிக்கி, படம் காட்டுறது அதுதான். மாமா கொண்டுவந்த காசுக்கு மேல உள்ள மூளைய எடுத்தா காட் எடுக்க ஏலா. நடுவுல உள்ளத எடுத்தா, மிச்சத்துக்கு ஒரு காட் எடுக்கலாம். பெரிய எஞ்சின வாங்கி ஓட்டை வள்ளத்தில பூட்டினா அது எங்க போகும்?"

"வள்ளம் பிறகு வாங்கலாம் காக்கா, எஞ்சின்தானே முக்கியம்" என்றார் மாமா. மாமாவுக்குக் கடலும் தெரியாது, கம்பியூட்டரும் தெரியாது.

அதுவரை பேசாமல் இருந்த அம்மா, அண்ணனின் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டார்: "மகன், நடுவுல உள்ளத வாங்கினா என்ன நடக்கும்?"

"நிண்டு நிண்டு ஓடும் அம்மா."

"நிண்டா?"

"நிண்டா மறுகாச் சந்திக் கடைக்குத்தான் போகணும். அங்க உள்ளது நல்ல மெசின்."

அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். காக்கா சொன்ன காட்டும் வள்ளமும் அவர் காதில் ஏறவில்லை. ஒரு சொல்தான் ஏறியது. நிற்கிறது, நிற்காது. அவ்வளவுதான்.

முடிவெடுக்காமல் வீட்டுக்கு வந்தோம். ஞாயிறு மத்தியானம் அப்பா வள்ளத்தில் வந்து சேர்ந்தார். கதையைக் கேட்டதும், "விளையாட்டுக்கு ஏன் கா அவ்வளவு பெரிய மூளை?" என்றார். "நடுவுல உள்ளத எடுங்க. படிக்கட்டும். மச்சான், மிச்சக் காசத் தந்தியள் எண்டா வட்டைக்கு உரம் எடுப்பன். இந்த முறை பயிர் மஞ்சளாக் கிடக்கு."

மாமாவால் அத்தான் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அண்ணன் எழும்பிப் போய்க் கதவை அறைந்தான். அப்பா அதற்கும் ஒரு பேச்சுப் பேசினார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தட்டுகளைக் கழுவினார். அப்பாவிடம் அவர் சொல்லியிருக்கலாம்: எனக்கு உரமும் வேண்டாம், பயிரும் வேண்டாம், பிள்ளை வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று. ஆனால் அந்தப் பேச்சைத்தான் அவர் வாயில் வைக்கமாட்டாரே. கையைத் துடைத்துக்கொண்டு வந்து இதைத்தான் சொன்னார்:

"நமக்குள்ள ஏன் சண்டை? பூக்கட்டிப் பார்ப்பம். அம்மன் சொல்லட்டும்."

அப்பா உடனே தலையாட்டினார். அவர் வெள்ளிக்கிழமை விரதக்காரர். காணி வாங்கியதும், மாமாவை வெளிநாட்டுக்கு அனுப்பியதும், கடல் வந்த பிறகு இதே வளவில் திரும்பக் குடியிருக்கலாமா என்று கேட்டதும் எல்லாம் அப்படித்தான். ஒரு வெள்ளைப்பூ, ஒரு சிவப்புப்பூ. இரண்டையும் தனித்தனியாக வாழையிலைத் துண்டில் மடித்து நூலால் கட்டி, அம்மனின் காலடியில் வைத்து, பூசை முடிய ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வருகிறதோ அது தெய்வத்தின் சொல். அதற்குப் பிறகு அந்த விசயத்தில் மனிதருக்குப் பேச்சில்லை. வெள்ளை வந்தால் நடுத்தரம், சிவப்பு வந்தால் ஆக மேலே உள்ளது என்று அப்பாவே தீர்மானித்தார். கம்பியூட்டர் புரொசசருக்குப் பூக்கட்டிப் பார்த்த குடும்பம் இந்த உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். மாமா மட்டும், "காக்காட கடைப் பொடியனக் கூப்பிட்டு உரு ஏத்திக் குறி கேப்பமா?" என்று கேட்டு அம்மாவிடம் ஏச்சு வாங்கினார்.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா தோய்ந்து, ஈர முடியோடு, வெள்ளைக்கு நந்தியாவட்டையும் சிவப்புக்குச் செவ்வரத்தையும் பறித்தார். பொட்டலம் கட்டும்போது குசினிக் கதவைச் சாத்திக்கொண்டார். சுத்தமாகக் கட்ட வேண்டும் என்பதற்காக என்று நினைத்தேன். கோயிலில் பூசாரியார் இரண்டையும் காலடியில் வைத்தார். மணி அடித்தது. அப்பா தோளில் இருந்த சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றார். "எடு மகள்" என்றார் பூசாரியார். நான் இடது பக்கம் இருந்ததை எடுத்தேன்.

சிவப்பு.

அப்பா ஒரு கணம் தரையைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, "தாயே, நீ சொன்னாச் சரி" என்றார். அவ்வளவுதான். அன்றைக்குப் பிறகு உரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

எடுக்காத பொட்டலத்தை வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு வரும்படி பூசாரியார் என் கையில் தந்தார். அதைப் பிரிக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். நான் பிரிக்கவில்லை. நூல் இளகி இருந்தது. வேரில் வைக்கும்போது அதுவாக விரிந்தது. உள்ளேயும் செவ்வரத்தை. முதலில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு அம்மா குசினிக் கதவைச் சாத்தியது நினைவுக்கு வந்தது. இலையை மூடி, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு ஓடிவந்தேன். அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்க்கவில்லை.

அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அம்மனை ஏமாற்றினால் என்ன நடக்கும் என்று ஊரில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். கண் போகும், அம்மாள் வருத்தம் என்கிற அம்மை வரும், வீடு எரியும். கரண்ட் நின்றால் இதோ வந்துவிட்டது என்று நினைத்தேன். அண்ணனுக்குப் பல்வலி வந்தபோது, பல்லோடு போகட்டும் தாயே என்று நேர்ந்தேன். மாமா பெட்டியெல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கட்டாருக்குப் பிளேன் ஏறியபோது, அந்தப் பிளேன் விழக்கூடாது என்று மத்தியானச் சோறு சாப்பிடாமல் இருந்தேன். இரவில் வயிறு இரைந்ததையும் அம்மனின் கோபம் என்றே எண்ணினேன்.

தண்டனை வந்தது, நான் நினைத்த வழியில் அல்ல. அண்ணனும் பெரியண்ணனும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, சந்திக் கடையில் விளையாடுகிற அந்த விளையாட்டைப் போட்டார்கள். ஏதோ ஒரு பாலைவன ஊர். ஆட்கள் சுவருக்குப் பின்னால் ஒளிந்து சுட வேண்டும். ஓடிக்கொண்டிருந்த மனிதன் ஒரு காலைத் தூக்கியபடி நடுத்தெருவில் நின்றான். நின்றான், நின்றான். பிறகு நாலு அடி தள்ளி முளைத்தான். முளைத்தபோது செத்துக் கிடந்தான்.

பெரியண்ணன் கதிரையிலிருந்து விழுந்து சிரித்தான். "டேய், இவருக்கு வாதம்டா! சின்னம்மா, பக்கத்து வீட்டு அப்பச்சிய உள்ளுக்கு விட்டிரிக்கான் பாருங்க, நடக்க ஏலாம நிக்கிறார்!"

அண்ணன் சிரிக்கவில்லை. அன்றும் பார்த்தான், அடுத்த நாளும் பார்த்தான். மூன்றாம் நாள், "இத வெச்சு என்ன செய்யிற? சந்திக்குப் போவமா?" என்றான். அந்தச் சொல் அறையிலிருந்து வெளியே வந்தபோது அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியோடு வந்து வாசலில் நின்றார்.

"ஏன் மகன்? ஆக மேல உள்ளதுதானே வாங்கினது?"

"மூளை மேல உள்ளதுதான் அம்மா. காட் இல்லயே. காக்கா சொன்னார்தானே."

அம்மா கத்தியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். அப்பா படுவான்கரையில், வயல் அறுத்தால்தான் வருவார். அன்று அண்ணனைப் போகாமல் மறிக்க அம்மா மீனைப் பொரித்தார், தலைவலி என்று படுத்தார், சைக்கிள் திறப்பைத் தொலைத்தார். பின்னேரம் கிணற்றடியில் அவரைத் தனியாகப் பிடித்து, இதற்கு மேல் அடக்க முடியாமல், அழுதபடி சொன்னேன்:

"அம்மா, மற்றதிலயும் சிவப்புதானே கட்டின நீங்க? அதுக்குத்தான் மெசின் நிக்கிது."

அடிப்பார் என்று நினைத்தேன். வாளியைக் கீழே வைத்தார். முகத்தில் கோபமே இல்லை.

"அம்மனுக்குச் சொல்லிட்டுத்தான் கட்டினன் மகள். கட்ட முதல் விளக்கு வெச்சுச் சொன்னன். பொட்டலம் அவக்கில்ல. அப்பாக்கு."

அம்மன் என்ன சொன்னா என்று கேட்டேன்.

"அவ என்ன சொல்லுற? அவவும் பார்த்துக்கொண்டுதானே இருக்கா" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கினார்.

அடுத்த நாள் காலையில் அம்மா ஒரு முடிவோடு எழும்பினார். பெட்டியைக் கழற்றித் தரச் சொல்லிப் பழைய சீலையில் சுற்றினார். கல்முனைக்குப் போய்க் காக்காவிடம் கேட்டு வருவதாகச் சொன்னார். அண்ணனை அறைக்குள் விட்டு வெளியே பூட்டித் திறப்பைச் சீலைத் தலைப்பில் முடிந்தார். மெசின் திருந்தி வரப்போகிறது என்பதால் அண்ணன் மறுக்கவில்லை; கட்டிலில் ஒரு தலையணையோடு விழுந்தான்.

பெரியண்ணன் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "சின்னம்மா, கைதிக்கு மத்தியானம் என்ன சாப்பாடு? ஒரு ஆளுக்குத்தானா, ரெண்டு ஆளுக்கா?"

அம்மாவுக்கு பஸ் போய்விடும் என்ற அவதி. "போ மகன், போய் உன்ட வீட்ட இரி. பின்னேரம் வா, நல்லா ஓடும்" என்றார். எனது கையைப் பிடித்து இழுத்தார். நான் திரும்பிப் பார்த்தபோது அவன் யன்னலுக்குள்ளே எதையோ எறிந்துகொண்டிருந்தான், புளியங்கொட்டையாக இருக்கலாம். உள்ளேயிருந்து அண்ணன் ஏசினான்.

காவலரணில் இறக்கிச் சீலையை அவிழ்க்கச் சொன்னார்கள். அம்மா முடிச்சை அவிழ்த்தார். "புள்ளைக்குப் படிக்க" என்றார். தமிழ் தெரியாத இராணுவப் பொடியன் பெட்டியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு எங்களைப் போக விட்டான். அவனுக்கும் அண்ணனின் வயதுதான் இருக்கும்.

காக்கா கடையில், "நான் அண்டைக்கே சொன்னன்தானே தங்கச்சி" என்று சிரித்தார்.

"அண்டைக்கு எனக்கு விளங்கல்ல காக்கா. இந்த மூளைய எடுத்துக்கொண்டு நடுவுல உள்ளதயும் காட்டையும் தர ஏலுமா? பாவிச்சதுதான், ஆனா அது ஓடவே இல்லயே, நிண்டுகொண்டுதானே இருந்த."

"தரலாம். ஆனா வேல கிடக்கு. நாளைக் கழிச்சு வாங்களன்."

"ஏலா காக்கா. புள்ள வீட்ட இரிக்கணும்."

காக்கா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். முன்னால் நின்ற ஆளை இருக்கச் சொல்லிவிட்டு எங்கள் பெட்டியைத் திறந்தார். மேலே உள்ளதைக் கழற்றி, நடுவில் உள்ளதைப் பூட்டி, பச்சைத் தட்டு மாதிரி இருந்த காட்டைச் செருகி, ஒரு விளையாட்டைப் போட்டுக் காட்டினார். மனிதர்கள் நிற்காமல் ஓடினார்கள். அம்மா திரைக்குக் கிட்டக் குனிந்து, கோயிலில் தீபாராதனை பார்க்கிற மாதிரிப் பார்த்தார். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் எல்லாம் இறங்கிவிட்டது. அப்பா கேட்ட வெள்ளைப்பூவே கடைசியில் ஜெயித்துவிட்டது; அம்மன் தன்னுடைய கணக்கைத் தானே நேராக்கிக்கொண்டாள்; இனி ஒரு தண்டனையும் வராது என்று நினைத்தேன். பஸ்ஸில் வரும்போது பெட்டியின் ஒரு மூலை என் மடியிலும் இருந்தது. பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன்.

எங்கள் சந்தியில் இறங்கியபோது வெயில் இன்னும் சாயவில்லை. விளையாட்டுக் கடையின் கதவு பாதி இறக்கிக் கிடந்தது. வாசலில் நாலைந்து சோடி செருப்பு. ஆட்கள் தள்ளித் தள்ளி நின்றார்கள். அம்மா அந்தச் செருப்புகளைப் பார்த்தார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடத் தொடங்கினார். அம்மா ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

அறைக் கதவில் பூட்டு அப்படியே இருந்தது. உள்ளே அண்ணன் நித்திரை. அம்மா பூட்டைத் திறக்காமல், கதவில் நெற்றியை வைத்து நின்றார். அப்போதுதான் பெரியம்மா வீட்டிலிருந்து சத்தம் வந்தது. வெள்ளை வான் வந்து ஏற்றிக்கொண்டு போனது என்றார்கள். நாலு பிள்ளைகள் என்றார்கள். நான் பெரியம்மாவிடம் ஓடிப்போய், "அழாதீங்க பெரியம்மா, மெசின் இப்ப நல்லா ஓடுது, பெரியண்ணன் இனிச் சந்திக்குப் போகத் தேவையில்ல" என்று சொன்னேன். பெரியம்மா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நல்ல செய்தி சொன்னேன் என்றே நினைத்தேன்.

பெரியம்மா இராணுவ முகாம்களுக்கும் அலுவலகங்களுக்கும் ஏறி இறங்கினார். வாவி கடந்து அந்தக் கரையிலும் கேட்டார். பெரியண்ணன் வரவேயில்லை. எங்கள் வீட்டுக் கம்பியூட்டர் ஒரு தரமும் நிற்காமல் ஓடியது. அண்ணன் முதலில் அதைத் தொடவில்லை. அம்மாதான் தேத்தண்ணீர் கொண்டுபோய் வைத்து, "விளையாடு மகன்" என்று கெஞ்சுவார். கோழி அறுப்பதையும் பார்க்காத அம்மா, உள்ளே துப்பாக்கிச் சத்தம் கேட்கும்வரைதான் அடுப்படியில் நிம்மதியாக நிற்பார். சத்தம் நின்றால் எட்டிப் பார்ப்பார். அப்படியே இரண்டு மழைகாலம் போயிற்று. பிறகு மாமா விசா அனுப்பி அண்ணன் கட்டாருக்குப் போய், இன்று அங்கேயே மூன்று பிள்ளைகளோடு இருக்கிறான். அப்பா சாகும்வரை வருகிறவர்களிடமெல்லாம் அந்தப் பெட்டியைக் காட்டி, "ஆக மேல உள்ளது. அம்மன் சொல்லி வாங்கினது" என்று சொல்வார். அம்மா ஒரு நாளும் திருத்தியதில்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நாளிலிருந்து அம்மா கோயிலுக்குள் போவதில்லை. வெள்ளி தவறாமல் வருவார், பூ கட்டிக் கொடுப்பார், வெளிவீதியில் கொடிமரத்துக்கு நேரே வெயிலில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புவார். விபூதியை நான்தான் கொண்டுவந்து பூசிவிடுவேன். பொட்டலத்தில் செய்த பிழைக்குத் தன்னைத் தானே தள்ளிவைத்திருக்கிறார் என்று இத்தனை வருடமும் எண்ணியிருந்தேன். எனக்கும் பிள்ளைகள் பிறந்து வளர்ந்த பிறகும் அப்படித்தான் எண்ணினேன். இதை எழுதட்டுமா என்று கேட்கப் போனபோது, "அம்மன் எப்பயோ மன்னிச்சிரிப்பா அம்மா, கோயிலுக்குள்ள வாங்களன்" என்றும் சொன்னேன்.

"பூவுக்கு இல்ல மகள்" என்றார். "அத அவ அண்டைக்கே மன்னிச்சிட்டா. அண்டைக்குத் திறப்பு என்ட கையிலதான் இருந்த. ஒரு புள்ளையத்தான் உள்ளுக்கு விட்டன். மற்றவன் யன்னலப் பிடிச்சுக்கொண்டு நிண்டான், ரெண்டு பேருக்குச் சாப்பாடா எண்டு கேட்டான். எனக்கு அவன உள்ளுக்கு விடத் தோணல்ல."

பிறகு எழுதச் சொன்னார். ஆனால் தன்னைக் கெட்டிக்காரி என்றும் எழுதக்கூடாது, பாவி என்றும் எழுதக்கூடாது என்றார். பெரியம்மாவின் மகன் விளையாட்டுப் பைத்தியத்தால் பிடிபட்டான் என்று ஊரில் ஒரு கதை இருக்கிறது. அப்படி ஒருவரும் சொல்லக்கூடாது என்றார். அவன் போக வேறு இடம் இல்லாமல் போன பிள்ளை.

வாசிக்கிறவர்களிடம் நானும் அதைத்தான் கேட்கிறேன். இதை யாருக்காவது சொல்ல வேண்டி வந்தால் சொல்லுங்கள்; நடந்தது நடந்தபடி, ஒரு சொல்லும் கூடாமல் குறையாமல் சொல்லுங்கள். அவன் யன்னலடியில் நின்றதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.